பாய்த் தையலும் பயணத் தூளியும்

எழுபது கிலோ எடையுள்ள ஒருவரை இரவு முழுவதும் தாங்கும் துணி இருநூறு கிராமுக்குள் அடங்கிவிடும். பதினோரு அடி நீளம், ஐந்தடி அகலமுள்ள நைலான் துணியை இரு முனையிலும் கொசுவம் வைத்துக் கட்டி, இரண்டு மரங்களுக்கு இடையே தொங்கவிட்டால் அதுதான் ஹேமக். பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் கட்டுவதன் பெரிய வடிவம் என்பதால் நான் அதையும் தூளி என்றே சொல்லி வருகிறேன். முதுகுப்பையோடு நடந்து திரிகிறவர்களுக்குக் கூடாரத்தைவிட இது தோது. தரை ஈரமாக இருக்கலாம், முள்ளாக இருக்கலாம், நண்டு வளையாக இருக்கலாம். இரண்டு நல்ல மரம் போதும். கடைகளில் தைத்தே விற்கிறார்கள். ஆனாலும் உடம்பைச் சுமக்கப்போகிற துணியை நாமே தடவிப் பார்த்து எடுத்து, தையல் விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு அதில் படுப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அதைத் தேடித்தான் துணிச்சுருளோடு புன்னைக்காயலுக்குப் புறப்பட்டேன்.

ஏன் புன்னைக்காயல் என்றால், அங்கே காற்றைப் பிடிப்பதற்காகத் துணி தைத்தவர்கள் இருந்தார்கள். முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களில் ஒன்று அது. எந்திரம் வருவதற்கு முன்பு ஒவ்வொரு வள்ளத்துக்கும் பாய் வேண்டும்; பாயைத் தைக்கத் தெரிந்த கை வேண்டும். காற்று அடித்தாலும் கிழியாத தையலை அறிந்த ஒருவரிடம் என் துணியைக் காட்டி, எங்கே மடிப்பது, எங்கே தைப்பது, எங்கே கட்டுவது என்று கேட்க ஆசைப்பட்டேன். தையல் புத்தகங்கள் இந்தக் கேள்விகளுக்கு உடுப்புக்கான பதிலைத்தான் சொல்லும். உடுப்பு மனிதர் மேல் தொங்குகிறது. தூளியில் மனிதர் தொங்குகிறார்.

துணியைத் தூத்துக்குடியில் எடுத்தேன். ஊரின் கடைத்தெருவுக்கே மேற்கு கிரேட் காட்டன் ரோடு என்று பெயர், எல்லோரும் டபிள்யூ.ஜி.சி. ரோடு என்று சுருக்கிவிட்டார்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் விளைந்த பருத்தி கப்பலேறப் போன துறைமுகம் இது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் இங்கே நூல் நூற்கத் தொடங்கியது. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்த மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றார்கள். பஞ்சும் நூலும் இந்த ஊரின் வரலாற்றிலேயே கலந்தவை.

கடைக்காரர் முதலில் கேட்டது சரியான கேள்வி.

“எதுக்குன்னு சொன்னாத்தான் எடுத்துப் போட முடியும் அண்ணாச்சி.”

“ஆள் படுக்கிற தூளி தைக்கணும் அண்ணாச்சி. கனம் இருக்கக் கூடாது. கிழியவும் கூடாது.”

அவர் காடாத்துணியில் தொடங்கினார். அதற்கப்புறம் கித்தான், பாப்ளின், குடைத்துணி, கடைசியில் ‘பாராசூட் துணி’ என்று கடைவீதியில் சொல்கிற நைலான் வகைகள். மேசை மேல் குவிந்ததைப் பார்த்தால் எல்லாமே உறுதியாகத்தான் தெரிந்தன. கண்ணை நம்ப முடியாத இடம் இது. கணக்குப் போட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

துணியின் எடையை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று அளக்கிறார்கள். ஜி.எஸ்.எம். என்பது அதுதான், திருப்பூர்ப் பக்கம் சிறுபிள்ளைகூடச் சொல்லும். நூலின் பருமனுக்கு டெனியர். 9,000 மீட்டர் நீளமுள்ள இழை 70 கிராம் இருந்தால் அது 70 டெனியர். என் தூளி 3.3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். ஏறத்தாழ 5 சதுர மீட்டர். 270 ஜி.எஸ்.எம். கித்தானில் தைத்தால் துணி மட்டுமே 1,350 கிராம். 64 ஜி.எஸ்.எம். உள்ள 70 டெனியர் நைலானில் 320 கிராம். இன்னும் மெல்லிய 37 ஜி.எஸ்.எம். துணியில் 185 கிராம். மலையேறுகிறவர்கள் இந்த 185க்கு ஆசைப்படுவார்கள். ஒல்லியான உடம்பும், பொத்திப் பொத்திப் பாதுகாக்கும் குணமும் உள்ளவர்களுக்கு அது சரி. சட்டைப்பையில் சாவியோடு ஏறிப் படுக்கிற என் போன்றவர்களுக்கு 70 டெனியர்தான் நல்லது. கையிலெடுக்கும்போது 135 கிராம் கூடுதல். படுக்கும்போது அது தரும் தைரியம் அதைவிடக் கூடுதல்.

பருத்தியைக் கழித்தது எனக்கு எளிதாக இருக்கவில்லை. உடம்புக்கு அதைப்போல் இதமான துணி இல்லை. நனைந்தால் பருத்தி இழையின் வலு கூடும். நைலானுக்கு நனைந்தால் குறையும். ஆனால் பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், காய நேரமாகும், கடற்காற்றில் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூசணம் பிடித்து இற்றுப்போகும். பழைய வாயில் சேலையில் பிள்ளைத் தூளி கட்டுகிறோமே என்றால், அதில் கிடக்கும் உயிர் ஐந்து கிலோவோ பத்து கிலோவோதான். வளர்ந்தவர் எடைக்குப் பழஞ்சேலை ஆகவே ஆகாது. வீட்டு வாசலில் நிரந்தரமாகக் கட்டிவைக்கத் தடித்த காடாத்துணி போல் வராது. சுமந்து செல்ல நைலான்தான் என்று முடிவு செய்தேன்.

குடைத்துணியையும் பலர் கேட்கிறார்கள். விலை மலிவு, கனமும் இல்லை. ஆனால் தண்ணீர் புகாமலிருக்க ஒரு பக்கம் பூச்சு போட்டிருப்பார்கள். பூச்சு போட்ட துணியில் காற்று ஊடாடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் முதுகு வெந்துவிடும். கடையிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறது: துணியை உதட்டோடு இறுக்கி வைத்து ஊதினால் மறுபக்கம் விரலில் காற்றுப் படவேண்டும். படவில்லையென்றால் மேற்கூரைக்கு வைத்துக்கொள்ளலாம், படுக்கைக்கு வேண்டாம். அடுத்தது, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கட்டங்கள் தெரிகின்றனவா என்று பார்த்தேன். சிறு சிறு சதுரங்களாகத் தடித்த இழை ஓடினால் அது ரிப்ஸ்டாப். கிழிசல் ஒரு கட்டத்தில் தொடங்கினால் அடுத்த தடித்த இழையிலேயே பெரும்பாலும் நின்றுவிடும்.

நைலானா பாலியஸ்டரா என்பது கடைக்காரருக்கே குழப்பமாக இருந்தது. ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கேட்டு வாங்கி, வெளியே வந்து தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். நைலானும் பாலியஸ்டரும் உருகிக் குண்டுமணியாகத் திரளும். பாலியஸ்டரில் கரும்புகை அதிகம். நைலான் மெத்தென்று உடம்புக்கு இசைந்து கொடுக்கும். ஆனால் காற்றிலிருக்கும் ஈரத்தில் தன் எடையில் நூற்றுக்கு நான்கு பங்குவரை வாங்கிக்கொண்டு தொய்யும். பாலியஸ்டர் அரைப் பங்குகூட வாங்காது. வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். ஆகவே படுக்கைக்கு நைலானும், மேலே கட்டும் மழைத்துணிக்குப் பாலியஸ்டரும் எடுத்தேன். நைலானில் அறுபது அங்குலப் பன்னா கிடைத்ததில் பெரிய மகிழ்ச்சி. ஐந்தடி அகலம் ஒரே விரிப்பில் கிடைத்துவிட்டால் நடுவில் ஒட்டுத் தையலே வேண்டாம். இரு பக்கத்துக் கரையும் தறியிலேயே கட்டப்பட்டது. அதை அப்படியே விட்டுவிட்டால் நீளவாக்கில் மடித்துத் தைக்கவும் வேண்டாம்.

திருச்செந்தூர் போகும் பேருந்து முத்தையாபுரம் தாண்டியதும் இருபுறமும் உப்பளங்கள். அதற்கப்பால் பழையகாயல்; மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம் இந்தப் பக்கந்தான் என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலோர் கருத்து. முக்காணியில் தாமிரபரணியைக் கடந்து ஆத்தூரில் இறங்கினேன். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகத்தி நிழலில் கொடி ஏறி நிற்கும் அந்தக் குளுமையான தோட்டங்களைக் கடந்து கிழக்கே திரும்பினால் மண்ணின் நிறமும் காற்றின் வாடையும் மாறிவிடும். பொதிகையில் பிறந்து ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி வந்த ஆறு புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது. முகத்துவாரத்தின் ஓரங்களில் அலையாத்தி மரங்கள். 2023 டிசம்பரில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த அந்தப் பெருமழையில், ஆற்று வெள்ளம் சூழ்ந்து இந்த ஊர் தனித்தீவாகிவிட்டது. அதைப் பற்றிப் பேசாமல் இன்றும் இங்கே யாரும் ஆற்றைக் கைகாட்டுவதில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் ராஜகன்னி மாதா கோயில். தமிழ் அச்சின் கதையில் இந்தக் கரைக்குத் தனி இடம் உண்டு. 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கப் புத்தகம். அதைத் தமிழாக்கிய அண்டிரிக் அடிகளார் வாழ்நாளின் பெரும்பகுதி உழைத்தது இந்தக் கடற்கரையில். அச்சுச் செலவுக்குப் பணம் தந்தவர்கள் இங்குள்ள பரதவர்கள். 1586இல் அவருடைய ‘அடியார் வரலாறு’ புன்னைக்காயலிலேயே அச்சானதாகச் சொல்வார்கள். கயிறும் பாயும் வலையும் பிழைப்பாக இருந்தவர்கள் தங்கள் மொழியில் எழுத்து வார்க்கப் பணம் எடுத்து வைத்தார்கள் என்பதை நினைத்தபடி கோயிலைக் கடந்து நடந்தேன். அந்தத் தெருவில் இதை நினைக்காமல் போக என்னால் முடியாது.

பாய் தைத்த பெரியவர் வலைக்கொட்டகையில் இருந்தார். இப்போது அவர் கையில் வலை பின்னும் ஊசி. மடியில் அறுந்த கண்ணிகள். வள்ளங்களுக்கு இன்ஜின் வந்தபின் பாய்க்கு வேலை குறைந்து, வலை ஒட்டுவதே தொழிலாகிவிட்டது. என் துணியை வாங்கி, இரு கையாலும் நீளவாக்கில் இழுத்தார், திருப்பிக் குறுக்கே இழுத்தார், அப்புறம் மூலைவாட்டத்தில். மூலைவாட்டத்தில் இழுத்தபோது மட்டும் அது ரப்பராக நீண்டது.

“பாவு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்து வச்சிருக்கியளா தம்பி? ஆளு கனம் பாவு மேல நிக்கணும். ஊடைய நம்பாதிய.”

நீளமான சுருளிலிருந்து நீளவாக்கில் எடுத்திருந்ததால் பாவு தலையிலிருந்து கால்வரை சரியாகவே ஓடியது. அவர் தலையசைத்துவிட்டு, தான் பாய் தைத்த விதத்தைச் சொல்லத் தொடங்கினார். நான் வந்ததன் பலன் முழுவதும் அந்தப் பேச்சில் கிடைத்தது.

காடாத்துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, ஒன்றன் விளிம்பின் மேல் அடுத்ததை ஏற்றி, இரண்டு வரிசையாகத் தைப்பார்கள். தேன்மெழுகில் இழுத்த நூல். மெழுகு நூலை ஈரத்திலிருந்து காக்கும், ஊசித் துளையையும் அடைக்கும். உள்ளங்கையில் தோல் கட்டிக்கொண்டு ஊசியைத் தள்ளுவார்கள். பட்டைகளெல்லாம் சேர்ந்த பிறகு சுற்று விளிம்பு முழுவதும் கயிறு வைத்துத் தைக்க வேண்டும். இங்கேதான் தொழில். கயிற்றைத் துணியைவிடச் சற்றே குறைவாக, இழுவையாகப் பிடித்துத் தைப்பார்கள். அப்போது துணியில் துளி தொய்வு இருக்கும். கச்சான் காற்று பாயில் அறையும்போது அந்த அடியைக் கயிறு முதலில் வாங்கிக்கொள்ளும்; துணிக்கு மிச்சந்தான் போகும்.

“தையல்ல கொண்டுபோயி உசிர வைக்காதிய. தையலு துணிய ஒழுங்கா நிறுத்தி வைக்க. தாங்குறது கயிறு.”

நான் ஊர்களில் பார்த்திருக்கும் பல தூளிகள் கிழிந்த இடம் தையல்தான். முனையில் தடித்த மடிப்பு வைத்து, அதன்மேல் நாலைந்து வரிசை அடித்து, அதில் வளையம் கோத்துத் தொங்கவிடுவார்கள். எத்தனை வரிசை அடிக்கிறோமோ அத்தனை துளை. அஞ்சல்தலைத் தாளில் துளையிட்ட கோடு எதற்காக இருக்கிறதோ அதே வேலையை அந்தத் தையல் செய்துவிடும். பெரியவர் சொன்ன வழியில் போனால் தையல் எங்கும் உடம்பின் கனத்தைச் சுமக்காது. முனையைக் கொசுவம் வைத்துத் திரட்டி, மடிப்புக்கு இப்பால் கயிற்றால் இறுகச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். மடித்துத் தைத்த முனை அந்தக் கட்டுக்கு வெளியே ஒரு குமிழாக நின்று, துணி உருவிக்கொண்டு போகாமல் தடுக்கும். இழுக்க இழுக்கக் கட்டு இறுகும். தையலின் வேலை அந்தக் குமிழைக் கலையாமல் வைத்திருப்பது மட்டும்.

அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். கடலுக்கடியில் உள்ள சிப்பித் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தொள்ளாயிரம் பார் அவற்றில் பேர்போனது. கல் கட்டிய கயிற்றைப் பிடித்து எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம் இறங்கி, கழுத்தில் தொங்கும் வலைப்பையில் சிப்பியை அள்ளிப் போட்டு, கயிற்றை அசைத்தால் மேலே நிற்பவர் இழுப்பார். 1961தான் இங்கே கடைசியாக நடந்த பெரிய முத்துக்குளிப்பு. அப்போது சிறுவனாகக் கரையில் நின்று பார்த்ததைச் சொன்னார். “அப்பா மூச்சு கயித்துல இருந்துச்சு” என்றார். கயிற்றைப் பற்றி அவர் பேசும்போது குரலில் வரும் கண்டிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கியது.

தையலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அக்கா. ரவிக்கையும், கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகள் உடுப்பும் தைப்பவர். மிஷினில் பதினாறாம் நம்பர் ஊசி இருந்தது. மெல்லிய நைலானுக்கு அது பெரிது. துளை பெரிதாக விழும். நான் கொண்டுபோன பதினோராம் நம்பர் ஊசியை மாட்டினோம். நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் கடலோரத்தில் சீக்கிரம் இற்றுவிடும்; துணி நன்றாக இருக்கத் தையல் மட்டும் பொடிந்து போகும்.

“என்ன தம்பி இது, கையில நிக்கவே மாட்டேங்குது” என்றார் அக்கா. நைலானைத் தைப்பதில் இதுதான் பெரும்பாடு. அடித்துணி ஒரு வேகத்திலும் மேல்துணி ஒரு வேகத்திலும் நகரும். குண்டூசி குத்தி நிறுத்தலாம் என்றால் அந்தத் துளை மறையாது. துணி உலர்த்தும் கிளிப்புகளை வரிசையாக மாட்டி, அடிக்க அடிக்க எடுத்துக்கொண்டே போனோம். ஊசிக்கு முன்னும் பின்னும் துணியைக் கையால் இழுவையாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். இழுத்துத் தள்ளக் கூடாது. நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, துண்டுத் துணியில் அடித்துப் பார்த்து, சுருக்கம் விழாத அளவு கிடைத்த பிறகுதான் அக்கா பெரிய துணியைத் தொட்டார். அங்குலத்துக்கு எட்டுத் தையல். நெருக்கித் தைத்தால் உறுதி என்று சட்டைத் தையலில் பழகிய கைக்குத் தோன்றும். இந்தத் துணியில் நெருங்கிய தையல் கத்தி.

வெட்டிய விளிம்பு நூல் நூலாகப் பிரியாமலிருக்க மெழுகுவர்த்திச் சுடரின் ஓரத்தில் வேகமாகக் காட்டி உருக்கினோம். பிறகு முனையை அரை அங்குலம் மடித்து, அதன்மேல் ஒன்றரை அங்குலம் இன்னொரு மடிப்பு. உள்விளிம்பை ஒட்டி ஒரு தையல், அதற்குக் கால் அங்குலம் தள்ளி மற்றொன்று. தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மிஷினைப் பின்னோக்கி ஓட்டி ஒரே இடத்தில் குத்திக் கொண்டிருக்காமல், நூலை நீளமாக விட்டுக் கையால் முடிந்தார். சொல்லிக் கொடுக்காமலே அவர் செய்தது அது. மெல்லிய பட்டில் தைத்த அனுபவம் என்றார்.

கொசுவத்தைப் பெரியவரே வைத்தார். அரை சாண் அகல மடிப்புகளாக விசிறிபோல் அடுக்கி, நடு மடிப்பிலிருந்து இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று எண்ணினார். இந்த எண்ணிக்கை பிசகினால் படுக்கையின் ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் பையாகத் தொங்கும். பக்கக் கரைகளை மட்டும் மூன்று விரல் அதிகமாக இழுத்து வைத்துக் கட்டச் சொன்னேன். அப்படிக் கட்டினால் ஓரம் இறுகி, நடுவில் உடம்பு கிடக்கும் இடம் ஆழமாகும். அவர் ஒரு நொடி யோசித்து, “பாயிக்குக் குழி வைக்கிற மாதிரி” என்று சொல்லிச் செய்தார். கட்டுக்கயிறு மெல்லிய பின்னல் நைலான். ஏழு சுற்று, இரண்டு இறுக்கம், சுருக்கு.

தூளி கட்டுவதற்கு ஊரின் தெற்கே ஒரு தென்னந்தோப்பில் உரிமையாளரிடம் கேட்டு இடம் வாங்கியிருந்தேன். அலையாத்திக் காடு வனத்துறைக் காவலில் இருப்பது. அங்கே மரத்தில் கயிறு போடக் கூடாது. கடலில் இருக்கும் தீவுகளின் மேல் பலருக்கு ஆசை உண்டு. தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரையுள்ள அந்த 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அங்கே போய்த் தூளி கட்டுவதை யாரும் நினைக்கவே வேண்டாம்.

மரத்தில் நேரடியாகக் கயிறு கட்டினால் பட்டை அறுபடும். இரண்டு அங்குல அகலப் பாலியஸ்டர் நாடாவை மரத்தைச் சுற்றிப் போட்டு, அதிலிருந்து கயிறு. இப்போது ஒரு கணக்கு. தூளி கட்டுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிவில் இறங்கினால், 70 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 70 கிலோ இழுவை. அழகாக இருக்கட்டும் என்று இழுத்து விறைப்பாகக் கட்டி, சரிவு 10 பாகையானால் இழுவை 200 கிலோ. 5 பாகையில் 400. ஆள் அதே ஆள், துணி அதே துணி. பெரும்பாலான துணிகள் கிழிவதும், மரங்கள் சாய்வதும் ஆளின் கனத்தால் அல்ல, இந்த விறைப்பால்தான். பெரியவருக்குப் பாகைக் கணக்கு தேவைப்படவில்லை. நான் முதல் கயிற்றை இழுக்கத் தொடங்கியதுமே, “தொய்வு விட்டுக் கெட்டுங்க. நங்கூரக் கயித்த யாராவது குட்டையா விடுவாவளா?” என்றார். ஆழத்தைப் போலப் பல மடங்கு கயிறு விட்டால்தான் நங்கூரம் பிடிக்கும் என்பது கடலில் போகிறவர்களுக்குத் தெரிந்த பாடம். அங்கேயும் காரணம் கயிறு இழுக்கும் கோணந்தான்.

அடிப்பாகம் தரையிலிருந்து நாற்காலி உயரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு, முதலில் கையால் அழுத்தி, பிறகு உட்கார்ந்து, அப்புறம் படுத்தேன். நேர்நீளமாகப் படுத்தால் முதுகு வில்லாக வளையும். தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் தள்ளி மூலைவாட்டத்தில் கிடந்தால் துணி விரிந்து கொடுத்து உடம்பு கிட்டத்தட்ட சமமாகிவிடும். துணிக்கு அகலம் ஐந்தடி வேண்டும் என்று கடையில் நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இது. பிள்ளைத் தூளியில் சேலை மூடிக்கொள்ளாமலிருக்கக் குறுக்கே கம்பு வைப்போம். பெரியவர்களுக்கு அந்தக் கம்பு வேண்டாம். வைத்தால் படுக்கை தட்டையாகி, புரண்டால் கவிழ்த்துவிடும்.

குளிர்நாட்டுப் பயணிகள் தூளிக்கு அடியில் இன்னொரு மெத்தை கட்டுவார்கள். கீழே போகும் காற்று உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பது அவர்கள் கவலை. புன்னைக்காயலில் அந்தக் காற்றுக்காகத்தான் தூளியே கட்டுகிறோம். பூச்சில்லாத நைலான் வழியாக முதுகில் காற்றுப் படும்போது, கடையில் துணியை ஊதிப் பார்த்த நேரம் வீண்போகவில்லை என்று தோன்றியது. காற்று புகும் இடத்தில் கொசுவின் ஊசியும் புகும். முகத்துவாரத்துக் கொசு ஒற்றைத் துணியைத் துளைத்துக் கடிக்கும். படுக்கைத் துணியை இரட்டை அடுக்காக்கினால் எடை இரட்டிக்கும். அதற்குப் பதிலாகக் கொசுவலையையே நீளக் குழாயாகத் தைத்து, தூளி முழுவதையும் அதற்குள் நுழைத்து இரு முனையிலும் நாடாவால் சுருக்கிக் கட்டுவது நல்ல வழி. சதுர அங்குலத்துக்கு 156 கண் உள்ள சாதாரணக் கொசுவலை போதும். ஜிப் வேண்டாம், உப்புக்காற்றில் முதலில் கெடுவது அதுதான். அடிப்பக்கம் வலை துணியோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

காலையில் தூளியை அவிழ்த்ததும் துணி பிசுபிசுத்தது. உப்பு இழைகளுக்குள் இறங்கிவிட்டால் அதுவே காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். துகளாகக் காய்ந்தால் மடிக்கும்போதெல்லாம் இழையை அராவும். நல்ல தண்ணீரில் சோப்பில்லாமல் அலசி நிழலில் போட்டேன். வெயில் நைலானைத் தின்னும் என்பதற்குக் கொட்டகை ஓரத்தில் கிடந்த பழைய தங்கூசி வலையே சாட்சி. விரலால் இழுத்தாலே இழை ஒடிந்தது.

துணி காய்ந்துகொண்டிருந்தபோது தையல் அக்கா வந்தார். கொட்டகையில் மதியம் வலை ஒட்டுகிறவர்கள் சாய இடமில்லை, தூண்களுக்கு இடையே மூன்று தூளி கட்டலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. என்ன துணி வாங்க வேண்டும் என்று கேட்டார். நைலான் வேண்டாம், இங்கேயே கிடக்கப்போவது, யாரும் சுமக்கப்போவதில்லை, தடித்த காடாத்துணி எடுங்கள், முதுகு வியர்க்காது என்றேன். பெரியவர் ஊசியை நிறுத்தாமல் குறுக்கிட்டார்.

“காடா சரிதான். ஆனா அறுபது பன்னா இருக்கான்னு கேளு. ஒட்டுப் போட்டுத் தைக்கக் கூடாது. கயிறு நான் தாரேன்.”

“நம்பர் பதினாறு ஊசியத் திருப்பி மாட்டிரலாமா தம்பி?” என்று அக்கா என்னிடம் கேட்டார். காடாவுக்கு அது போதும் என்றேன். எத்தனை மீட்டர் என்று கேட்டார். ஒன்றுக்கு மூன்றரை, சலவைச் சுருக்கத்துக்குக் கால் மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள், தைப்பதற்கு முன்பே ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள் என்றேன். அவர் மூன்றே முக்காலை மூன்றால் பெருக்கி, பதினொன்றேகால் என்று செல்போனில் குறித்துக்கொண்டார்.